அமைதி வந்த பிறகா அடுத்தவர்?

கொரோனாவுக்குப் பிந்தைய இந்த ஆண்டுகளில் ஒரு கருத்து நம்மிடையே கேள்வியில்லாமல் ஏற்கப்பட்டுவிட்டது. வேலைக்கு உறுதி இல்லை, உடம்புக்கு உறுதி இல்லை, மழைக்கும் வெயிலுக்கும்கூடக் கணக்கு இல்லை; ஆகவே முதலில் உன் மனத்தைப் பார்த்துக்கொள். உள்ளே அமைதி வரட்டும், அன்பும் கருணையும் அதிலிருந்து தாமாகப் பெருகும். யூடியூப் உரைகள் இதைச் சொல்கின்றன. அலுவலகங்களில் நடக்கும் மனவளப் பயிற்சிகளும் கோயில் மண்டபச் சொற்பொழிவுகளும் இதையே சொல்கின்றன. கூடவே சில துணை அறிவுரைகள் வருகின்றன: செய்தி பார்க்காதே, எப்போதும் புலம்புகிறவர்களிடமிருந்து விலகியிரு, ஊர்த் துயரத்தையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

இந்த வரிசை தலைகீழானது. தியானத்தின் மேல் எனக்குப் பகையில்லை. மூச்சைக் கவனித்து உட்கார்ந்து தூக்கம் மீண்டவர்களை நான் அறிவேன். ‘முதலில்’ என்ற அந்தச் சொல்லைத்தான் மறுக்கிறேன். முதலில் அமைதி, பிறகு அடுத்தவர் என்று ஆன்மிகத்தின் பெயரால் கற்பிக்கப்படுவது நம் மரபிலும் இல்லை, அனுபவத்திலும் இல்லை. அது இடர்ப்பட்ட காலத்தில் மனிதர்களை இன்னும் தனியாக்குகிறது.

இந்தக் கருத்துக்காரர்கள் தவறாமல் சொல்லும் உதாரணம் விமானம். ஆபத்து நேர்ந்தால் ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு மாட்டுங்கள் என்று விமானத்தில் சொல்கிறார்களே, வாழ்க்கைக்கும் அதுதான் விதி என்பார்கள். உதாரணத்தை முழுதாகப் பார்க்கட்டும். விமானம் பறக்கும் உயரத்தில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். அதனால்தான் அந்த விதி. முகமூடி மாட்டச் சில விநாடி போதும். விதி எழுதப்பட்டதே பக்கத்துக் குழந்தைக்காக. முகமூடியை மாட்டிக்கொண்டு, அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பத்து வருடம் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும் விமானம் எதுவும் இல்லை. மன அமைதியோ சில விநாடியில் முடிகிற காரியம் இல்லை. போதுமான அமைதி வந்துவிட்டது, இனி அடுத்தவரைப் பார்க்கலாம் என்று யாரும் மணியடித்துச் சொல்லப் போவதும் இல்லை.

அரசு மருத்துவமனைப் பொது வார்டில் ஒரு வாரம் துணைக்கு இருந்தவர்கள் என்னோடு வாதிட மாட்டார்கள். அங்கே யாருக்கும் மன அமைதி கிடையாது. ஸ்கேன் முடிவு வரவில்லை, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரவில்லை, வட்டிக்கு வாங்கிய பணம் கரைகிறது, ஊரில் பிள்ளைகள் யார் வீட்டிலோ சாப்பிடுகிறார்கள். அந்த நிலையில்தான் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, “அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க, மருந்து வாங்கிட்டு வந்துர்றேன்” என்கிறாள். இவர் எழுந்து போய் நிற்கிறார். டிரிப்ஸ் பாட்டில் தீரும் நேரம் பார்த்து “சிஸ்டர்” என்று கூப்பிடுகிறார். முந்தின நாள்வரை ஊரும் பேரும் தெரியாதவருக்குப் பிளாஸ்கில் பால் வாங்கி வந்து வைக்கிறார். இரவில் நடைபாதையில் துண்டு விரித்துப் படுத்திருக்கும்போது ஒருவர் கதையை ஒருவர் கேட்கிறார்கள். வாழ்வின் மிகக் கலங்கிய நாட்களில், கொஞ்சமும் அமைதியில்லாத நெஞ்சோடு, பயிற்சி எதுவும் இல்லாத மனிதர்கள் செய்வது இது. அமைதியிலிருந்துதான் கருணை ஊறும் என்றால் அந்த வார்டில் அது வறண்டு கிடந்திருக்க வேண்டும். வெளியே, குளிரூட்டிய வீடுகளில், வழிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: அது அவசரத்தில் வரும் இரக்கம், ஆன்மிகம் வேறு, அது ஆழமானது. இந்தப் பிரிவினையைத் தமிழில் மிக உறுதியாக மறுத்தவர் ஒருவர் இருக்கிறார். நாத்திகர் இல்லை, அருளையும் மரணமில்லாப் பெருவாழ்வையும் ஓயாமல் பேசிய வடலூர் இராமலிங்க அடிகள் என்ற வள்ளலார். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் உரைநடை நூலில், உயிர்களிடத்து இரக்கம் இல்லாமல் ஞானம், யோகம், தவம், ஜபம், தியானம் செய்கிறவர்கள் கடவுளின் அருளுக்குத் தகுதியுடையவர்கள் ஆகமாட்டார்கள் என்று எழுதுகிறார். தியானம் செய்தால் இரக்கம் வரும் என்று அவர் சொல்லவில்லை. இரக்கம் இல்லாதவரின் தியானத்தைக் கணக்கிலேயே சேர்க்க மறுக்கிறார். மோட்ச வீட்டின் திறவுகோல் என்று அவர் சொல்வது உயிர் இரக்கத்தை. திறவுகோல் வாசலில் நிற்கும்போதே கையில் இருக்க வேண்டியது.

அவர் வாழ்ந்த காலம் நிம்மதியான காலமா? 1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த கஞ்சத்தையும் பஞ்சம் தின்றது. பத்தே ஆண்டில், 1876இல், தாது வருஷப் பஞ்சம் தொடங்கித் தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. இந்த இரண்டு பஞ்சங்களுக்கும் நடுவில்தான் வடலூர் எழுந்தது. எழுந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பைப் பற்ற வைத்தார். ஜோதி தரிசனம் நடக்கும் சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது 1872 தைப்பூசத்தன்று. இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு. அந்த ஐந்தாண்டும் வடலூரில் சோறு இருந்தது, சபை இல்லை. ஏழு திரைகளை விலக்கி ஒளியைக் காட்டும் அந்தச் சபையின் தத்துவத்தை விளக்கிப் பேசுகிறவர்கள் பலர். அந்தத் திரைகளுக்கு முன்னால் ஒரு சமையற்கட்டு இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறவர்கள் குறைவு. இடம் தந்தவர்களும் ஊர்க்காரர்கள், பார்வதிபுரத்து மக்கள். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

பசியைப் பற்றி அவர் எழுதிய பகுதியை ஒருமுறையாவது நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பசி வந்தால் கண் என்னாகும், காது என்னாகும், நாக்கு, தோல், கைகால், நெஞ்சு, அறிவு, நினைவு என்று ஒவ்வொன்றாக, மருத்துவர் குறிப்பெழுதுவதுபோல் எழுதிச் செல்கிறார். அப்படி எழுத வேண்டுமானால் பட்டினி கிடக்கும் முகங்களை விலகாமல் பார்த்திருக்க வேண்டும். பசித்தவனுக்கு அறிவு மயங்குகிறது, கடவுள் விளக்கமும் மறைகிறது. உண்டதும் இரண்டும் திரும்புகின்றன. சோற்றையும் அருளையும் அவர் தனித்தனி அறைகளில் வைக்கவே இல்லை. பசித்து வந்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த நாடு, என்ன நடத்தை என்று விசாரிக்கக் கூடாது என்கிறார். அவரவர் முன்வினையால் அவரவர் வருந்துகிறார்கள், நாம் ஏன் குறுக்கிட வேண்டும் என்ற வாதத்தையும் அவர் விடவில்லை, எடுத்துவைத்து மறுக்கிறார். இன்றைக்கு வினை என்ற சொல்லுக்குப் பதிலாக ‘அவங்க எனர்ஜி’, ‘அவங்க மைண்ட்செட்’ என்கிறார்கள். துன்பப்படுகிறவரின் துன்பத்துக்கு அவரையே பொறுப்பாக்கிவிட்டு நகரும் வேலை அப்படியே இருக்கிறது.

வள்ளலாரை விதிவிலக்கு என்று தள்ளுகிறவர்கள் மணிமேகலையைத் திறந்து பார்க்கலாம். தமிழில் துறவைப் பாடுவதற்கென்றே எழுந்த காப்பியம் அது. முப்பது காதைகள். தலைவி மணிமேகலை அமுதசுரபி என்ற உணவுப் பாத்திரத்தைக் கையில் வாங்குவது பதினோராம் காதையில். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்வது பத்தொன்பதில். மழை பொய்த்த காஞ்சியில் சோறிடுவது இருபத்தெட்டில். அறவண அடிகளிடம் முழு அறத்தையும் கேட்டு அவள் நோன்பு ஏற்பது கடைசிக் காதையில். ஞானம் முற்றிய பிறகு பாத்திரத்தை எடுக்கலாம் என்று காப்பியத்தை எழுதிய சாத்தனார் அவளை உட்கார வைக்கவில்லை. ஊரெங்கும் நடந்து, யானைத்தீ என்ற தீராப்பசி நோயால் வாடிய காயசண்டிகையின் பசியை ஆற்றி, சிறைக்குள் கிடந்தவர்களுக்கு ஊட்டித்தான் அவள் அங்கே போய்ச் சேர்கிறாள்.

அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டது யார் என்பதும் இங்கே முக்கியம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்தான். ஆனாலும் கற்புடைய ஒருத்தி முதலில் இட வேண்டும். இட்டவள் ஆதிரை. கணவன் சாதுவன் கைப்பொருளைத் தொலைத்துவிட்டுப் பொருள் தேடக் கடலேறினான். கப்பல் உடைந்தது. தப்பி வந்தவர்கள் அவன் இறந்துவிட்டான் என்றார்கள். தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. உயிரோடிருக்கிறான், வருவான் என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. என்றைக்கு வருவான்? தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் அவள் வீட்டுக்குத் திரும்பிப்போய் அறம் செய்துகொண்டு வாழ்ந்தாள். நிச்சயமற்ற காலத்தில் எப்படி இருப்பது என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் இவளைவிடத் தெளிவான ஆள் எனக்குத் தெரியவில்லை. காப்பியத்தின் மாபெரும் பாத்திரம் நிறைவதற்கு ஒரு முனிவர் தேவைப்படவில்லை. காத்திருக்கப் பழகிய இல்லத்தரசி ஒருத்தியின் கை தேவைப்பட்டது.

மரபை விடுவோம். ‘விஞ்ஞானமே சொல்கிறது’ என்று மனப்பயிற்சிக்காரர்கள் பேசுவதால் ஒரு சோதனையைச் சொல்கிறேன். டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து 1973இல் வெளியிட்டது அது. பாதிரியாராகப் பயில்கிற நாற்பது பேர். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறார். அவர் சோதனைக்காக அமர்த்தப்பட்டவர். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் பத்து சதவீதம் பேர்தான் நின்று உதவினார்கள். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நல்ல சமாரியனைப் பற்றி மனத்தில் அசைபோட்டுக்கொண்டு போனது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

கருணையைப் பற்றிய சிந்தனை நெஞ்சு நிறைய இருந்தும், அவர்கள் கருணைக்கு உரியவரைக் கடந்து போனார்கள். அப்படியானால் நம் நாட்களில் மாற்ற வேண்டியது எது? காலையில் பத்து நிமிடம் கண்மூடி அன்பை நினைத்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தப் பத்து நிமிடம் நம்மை யார் அருகிலும் நிறுத்தாது. நிற்பதற்கு நேரம் வேண்டும். கொரியர் கொண்டுவந்த பையனிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஒரு நிமிடம். ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைக்கும் கிழவிக்காக, பின்னால் நின்று முணுமுணுக்காமல் இருக்க ஐந்து நிமிடம். தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் சொன்ன கதையையே சொல்லும்போது உட்கார்ந்து கேட்க அரை மணி. அந்த நேரத்தை நாளுக்குள் ஒதுக்கி வைப்பதுதான் ஒழுக்கம். அதைத்தான் நான் ஆன்மிகப் பயிற்சி என்பேன்.

எதிர்த்தரப்பில் மெய்யாகவே எடையுள்ள வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கொடுத்துக் கொடுத்தே தேய்ந்து போனவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணியும் பகல் பணியும் சேர்த்துப் பார்த்த செவிலியர். நினைவு தப்பிய மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, திட்டும் வாங்கிக்கொண்டு, வருடக்கணக்கில் ஒருநாள் கல்யாண வீட்டுக்குப் போகாத மருமகள். இவர்களிடம் போய் இன்னும் இரங்கு என்று சொல்வது கொடுமை. நம் வீடுகளில் கருணை என்ற சுமையைப் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஆண்கள் தத்துவம் பேசிய வரலாறு நீண்டது. அதற்கு இந்தக் கட்டுரை துணைபோகாது.

ஆனால் அந்த மருமகளுக்கு என்ன தேவை? மூச்சுப் பயிற்சியா? ஞாயிற்றுக்கிழமை வந்து, “அண்ணி, நீங்க போய்ட்டு வாங்க, அம்மாவ நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் ஒரு நாத்தனார் தேவை. அதைவிட முக்கியமாக, தன் தாயின் உடையைத் தானே மாற்றும் கணவன் தேவை. செவிலியருக்குத் தேவை இன்னும் இரண்டு செவிலியர். அவர்களின் சோர்வுக்குக் காரணம் அளவுக்கு மீறிய இரக்கம் என்று முடிவு கட்டுவது தவறான கணிப்பு. சுற்றியிருப்பவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்காததால் ஒருவர் மேலேயே எல்லாம் விழுந்தது. ‘உன்னைப் பார்த்துக்கொள்’ என்று அவர்களுக்கு அறிவுரை சொல்கிற ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் ஒரு கை கொடுக்கத் தவறுகிறார்கள். தேய்ந்தவரைத் தனியே விட்டுவிட்டு அவரே தம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊர் எப்படி ஆன்மிக ஊராகும்?

கருணை நிலைத்து நிற்க ஏற்பாடு வேண்டும் என்பதை வடலூர் அறிந்திருந்தது. நிலம், தானியம், விறகு, சமைக்க ஆள், பரிமாற ஆள், நேரம். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர். தொடங்கியவர் 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்ட பிறகும் தருமச்சாலை நிற்கவில்லை என்றால் காரணம் இதுதான். இந்தப் பார்வை ஊர் மடங்களோடு முடிந்துவிடவும் இல்லை. 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022இல் காலை உணவு வந்ததும் அரசாணைகள்தாம், கணக்குகள்தாம். ஒவ்வொரு பள்ளியிலும் அடுப்பின் முன் நிற்கும் சமையலரின் வியர்வையில் ஆன்மிகம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தருமம் அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வதுண்டு. விடுவிக்கும் தருமமும் இருக்கிறது, உண்மை. ஆனால் பசித்த பிள்ளையைப் பார்த்து மனம் கலங்காத ஒருவர் அந்த அரசாணையைக் கேட்டுப் போராடியிருக்கவும் மாட்டார்.

இனி, நாமே தத்தளிக்கும்போது அடுத்தவருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி. வடலூர் இருக்கும் கடலூர் மாவட்டத்தையே பார்க்கலாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல். 2015 நவம்பரில் வெள்ளம். பதினோரு ஆண்டில் மூன்று முறை கீழே விழுந்து எழுந்த மண். சுனாமியன்று பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாத்தார் சுற்றியிருந்த மீனவக் குப்பங்களுக்கு ஓடிப்போய் ஆட்களை மீட்டார்கள், உடல்களை எடுத்தார்கள், பிழைத்தவர்களை அழைத்துவந்து சோறு போட்டார்கள். அதுவும் கடலோர ஊர்தான். இன்னொரு அலை வருமா என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. 2015இல் சென்னை மூழ்கியபோது படகோடு நகருக்குள் வந்த மீனவர்களும், 2018 வெள்ளத்தில் கேரளத்தின் உள்நாட்டு ஊர்களுக்குப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போன மீனவர்களும் நாளைக்குப் பிடிப்பு உண்டா என்று தெரியாமல் தினமும் கடலுக்குப் போகிறவர்கள். நிச்சயம் என்பது அவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதற்காகக் காத்திருக்கும் வழக்கமும் அவர்களிடம் இல்லை.

அச்சம் தனிமையில் பெருகுகிறது. நாளை என்னாகும் என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்கு அடி கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கு இப்போது என்ன வேண்டும் என்ற கேள்விக்கோ பெரும்பாலும் விடை உண்டு: ஒரு டம்ளர் கஞ்சி, ஒரு போன் அழைப்பு, ஆட்டோ பிடித்துக் கொடுப்பது, வங்கிப் படிவத்தை நிரப்பித் தருவது. விடை உள்ள கேள்வியில் மனம் ஊன்றும்போது கால் தரையில் பதிகிறது. இதற்கு என்ன பொருள், நான் எதற்காக வாழ்கிறேன் என்ற பெரிய கேள்வியும் அங்கேதான் மெல்ல அவிழ்கிறது. அந்த வார்டில் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரிடம் வாழ்வின் பொருள் என்ன என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் அவருக்குப் பொருளற்றதாக இல்லை.

உள்முகமாகத் திரும்பு என்பதற்கு எல்லாரும் சான்று காட்டும் ரமண மகரிஷியும் ஆசிரமத்துச் சமையலறையில் பல ஆண்டுகள் விடியுமுன் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். பரிமாறும்போது தமக்கென்று தனிப்பங்கு வைப்பதை ஏற்கவில்லை. எல்லார் இலைக்கும் ஒரே அளவு. ‘நான் யார்’ என்ற விசாரணைக்கும் கீரை ஆய்வதற்கும் இடையே அவர் வரிசை எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.

மன அமைதிப் பயிற்சி நடத்துகிறவர்களில் நல்ல எண்ணம் உடையவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் பாடத்திட்டம் மூன்று நாளோ, நாற்பது நாளோ, அதில் அடுத்த வீட்டுக்காரர் எந்த நாளில் வருகிறார்? பெரும்பாலும் வருவதே இல்லை; வந்தால் கடைசி நாளில், கண்ணை மூடிக்கொண்டு உலக நன்மைக்காகச் செய்யும் ஒரு சங்கற்பமாக வருகிறார். அவரை முதல் நாளுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். வந்திருப்பவர்களை இருவர் இருவராக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ பள்ளிச் சமையற்கூடத்துக்கோ அனுப்பி, அங்கே இருப்பவர்கள் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாலையில் அவர்கள் திரும்பி வந்ததும் பாயை விரிக்கலாம்.